ஒன்பது வோல்ட்

ஹார்பின் மின்வாரியத்தில்
முப்பது வருஷம் கம்பம் ஏறியவர்
குவாங் ஷிலின்.
மின்சாரத்தை ஒருநாளும் நம்பியதில்லை.

குடலை அறுத்துத் தைத்த மூன்றாம் இரவு
முழங்காலுக்குக் கீழே
நான்கு விரல் தள்ளி
ஊசி இறங்குகிறது, தலைமுடி கனத்தில்.
டாக்டர் யுன் கவ்வியை மாட்டுமுன்
"எத்தனை வோல்ட்?" என்கிறார்.
"ஒன்பது. பொம்மைக்குப் போடும் பேட்டரிதான்."
"வலிக்குக் கேட்குமா?"
"சிலருக்குக் கேட்கும்."

ஆடுசதை தானாகத் துடிக்கிறது.
அவசரமில்லாத யாரோ
கதவைத் தட்டுகிறார்கள்.

அரைமணி கழித்தும்
வலி இருக்கத்தான் செய்கிறது,
பக்கத்துக் கட்டிலுக்கு
மாறிப் படுத்துக்கொண்டதுபோல.

மார்ஃபின் பொத்தானைத் தேடிய கை
போர்வைமேல் கிடக்கிறது.
வெளியே பனி.
கம்பியெல்லாம் இந்நேரம் உறைந்திருக்கும்,
இன்றைக்கு யாருக்கு முறை
என்று யோசித்தவர்
பெயர் வருவதற்குள்
தூங்கிப்போகிறார்.