இருபத்தெட்டாம் நாள்

ஹாமில்டனில் ஜனவரி.
கழிவுநீர் நிலையத்து வாசலில்
லூச்சியோ ஒரு வாளியை நீட்டுகிறார்,
பால்காரர் மாதிரி, மூடியைத் துடைத்து.
"பத்திரம், உயிரோட இருக்கு."
மைனஸ் பதினேழு. ஹீட்டரை
அதற்காகத்தான் கூட்டினேன்.
பின்சீட்டில் பெல்ட் மாட்டிக்கொண்டு
ஊர்ச் சாக்கடை.

வந்ததும் காற்றூதிப் பட்டினி போட்டேன்.
தின்றதெல்லாம் செரித்துத் தீரட்டும்.
புதியதைத் தொடுமா தொடாதா என்பது
பசியில்தான் தெரியும்.

புதியதற்குப் பெயர் இல்லை, ஓர் எண்தான்.
துணியை மென்மையாக்குமாம்.
துண்டில் லாவெண்டர் மணத்தை விட்டுவிட்டு
குழாய் வழியே ஏரிக்குப் போகும்.
போய்?
அதைக் கேட்கத்தான் ஆறு பழுப்புக் குப்பிகள்.

ஒன்றிலும் இரண்டிலும் வெறும் சேற்றுநீர்.
மூன்றில் சோடியம் பென்சோயேட்:
வீட்டு ஆவக்காய் பாட்டிலின் முதுகில்
பொடி எழுத்தில் இருக்கும் அதே ஆள்.
ஊறுகாயைக் கெடாமல் காக்கிறவனை
இவை ஒரே வாரத்தில் தின்று ஏப்பம் விடும்.
புளிப்பில்தான் அவன் வீரம்.
நான்கிலும் ஐந்திலும் நம் விருந்தாளி.
ஆறில் இருவரும் சேர்ந்து,
தின்ன முடியாததா, தின்றவரைக் கொல்வதா
என்று பிரித்துப் பார்க்க.

பிறகு இருட்டு. இருபத்திரண்டு டிகிரி.
அடியில் காந்தத் துண்டு சுழலும் முணுமுணுப்பு.
உள்ளே மூச்சிழுத்தால் அழுத்தம் இறங்கும்,
விட்ட மூச்சைச் சுண்ணாம்பு பிடித்து வைக்கும்.
என் வேலை ஒரு கோட்டைப் பார்த்திருப்பது.

ஒன்பது நாள் கோடு தரையிலேயே கிடந்தது.
ஆறாம் குப்பியில் பென்சோயேட் காலி.
அப்போ விஷமில்லை. வெறும் தயக்கம்.
பதினெட்டில் பத்து சதவீதம்.
பத்தைத் தொட்டால் பத்தே நாள் தவணை,
அதற்குள் அறுபது.
இருபத்தேழு இரவு, ஐம்பத்தொன்று.
இருபத்தெட்டு, ஐம்பத்தாறு.

கம்பெனியிலிருந்து பிரெண்டா கோவல்சுக்:
"ஐம்பத்தாறுன்னா ஏறக்குறைய அறுபதுதானே?"
ஏறக்குறைய என்றொரு கட்டம்
படிவத்தில் இல்லை.
"எளிதில் சிதைவதில்லை" என்று எழுதினேன்.
"எளிதில்" வந்தபோது
பேனா கொஞ்சம் நின்றது.

அன்றே ஆட்டோகிளேவில் வேகவைத்து முடிக்க வேண்டும்.
வெள்ளி மாலை, வெளியே பனி குவிகிறது.
விளக்கை அணைத்தேன்.
சுழலியை அணைக்கவில்லை.

திங்கள்: அறுபத்து மூன்று.

எந்தத் தாளிலும் ஏறாத மூன்று நாள்.
அடுத்த வாளி வாங்கும்போது
லூச்சியோவிடம் மட்டும் சொன்னேன்.
"மெதுவா சாப்பிடறவங்க" என்றார்,
மூடியைத் துடைத்தபடி.

குப்பிகளைச் சோப்பு போடாமல் கழுவ வேண்டும்.
சோப்பும் சாப்பாடுதான், கணக்கு கெட்டுவிடும்.
அமிலம், வெந்நீர், மறுபடி வெந்நீர்.
விரல் வெடித்துப்போய் வீட்டுக்கு வந்தால்
டிரையரில் துண்டுகள், சூடாக, மெத்தென்று.
முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.
எந்தக் கம்பெனி என்று
பார்க்கவில்லை.