ஏழாம் வாக்கியம்

முதுகலை ஆய்வுக்கு இருபத்திரண்டு வாக்கியங்கள்.
ஜெர்மனிலிருந்து தமிழுக்கு நான் கொண்டுவந்தேன்.
தமிழிலிருந்து ஜெர்மனுக்கு
மூலத்தைப் பார்க்காமல் ஆரபி திருப்பிக் கொண்டுபோனாள்.
போனதும் வந்ததும் ஒன்றாயிருந்தால்
மொழிபெயர்ப்பு சரி என்பது முறை.
ஒன்றாகத்தான் இருந்தது.
பேராசிரியர் ஏபிஷர் பச்சை மையில் கையெழுத்திட்டார்.

பேர்ன் நகரின் விளிம்பில் மருத்துவமனைச் சலவைக்கூடம்.
அதிகாலை ஐந்தேகால்.
விரிப்புகளை விழுங்கி விழுங்கித் துப்பும்
இஸ்திரி உருளைகளின் இரைச்சலில்
என் வணக்கம் எனக்கே எட்டவில்லை.
இடைவேளை அறையில், காப்பி மெஷினுக்குப் பக்கத்தில்
தாள்களைப் பரப்பினேன்.
பெயர் எழுத வேண்டாம் என்றேன்.
ஒருவர் பெயரை எழுதி, கீழே ஊரையும் எழுதினார்.
இன்னொருவர் எல்லாவற்றுக்கும் மூன்றையே வட்டமிட்டார்,
பஸ்ஸுக்கு நேரமாயிற்று.
தயாபரனுக்கு ஒரு சந்தேகம்:
"வேலை எண்டால் எது தங்கச்சி?
இதுவோ, பின்னேரம் செய்யிறதோ?"
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

நகுலா மட்டும் ஒவ்வொரு வரியையும்
மருந்துச் சீட்டைப்போல இரண்டு தரம் வாசித்தாள்.
ஏழாவதில் சிரித்தாள்.
'என் மேற்பார்வையாளர் என்னைக் கேட்கிறார்.'
ஐந்தை வட்டமிட்டாள். முற்றிலும் உடன்படுகிறேன்.
அவ்வளவு நல்லவரா என்றேன்
(ஆய்வாளர் வாய் திறக்கக் கூடாது, விதி அது).
"கேப்பார், கேப்பார்.
ஞாயிறும் வரேலுமோ எண்டு கேப்பார்.
பத்து நிமிசம் ஏன் பிந்தினது எண்டு கேப்பார்.
பிள்ளைக்குக் காய்ச்சலெண்டால்
தகப்பன் வீட்டில இல்லையோ எண்டும் கேப்பார்."

ஆரபியும் நானும் பேர்னில் பிறந்தவர்கள்.
கேட்பது எங்களுக்குக் காதோடு முடிந்துவிடுகிறது.
அந்த வினைக்கு வாயும் உண்டென்று
இருவருக்குமே தோன்றவில்லை.
ஒரே பிழையை இரண்டு பேர் செய்தால்
அதற்குப் பொருத்தம் என்று பெயர்.

நாற்பத்தொரு தாள்கள்.
ஏழாம் வாக்கியத்தின் சராசரி நாலு புள்ளி ஆறு.
வேறெதுவும் மூன்றைத் தாண்டவில்லை.
ஆளணிப் பிரிவிலிருந்து ஹெர் சுர்பூகன்
ஆண்டறிக்கைக்கு அந்த ஒரு வரைபடத்தை மட்டும்
அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

இரவு, நூலகத்தில்,
மென்பொருள் தன் அட்டவணையை விரித்தது.
இந்த ஒன்று மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லையாம்.
வாசித்ததைத் தமிழில் குறித்துவைத்தேன்:
ஏழை நீக்கினால் ஆல்பா உயரும்.
எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
துடைக்க வந்தவர் காலைத் தூக்கச் சொன்னார்,
தூக்கினேன்.

நீக்கத்தான் வேண்டியிருந்தது.
அடிக்குறிப்பில் மூன்று வரி ஒதுக்கினேன்,
சிரிப்பை எந்த அலகில் எழுதுவது என்று தெரியாமல்
அதை விட்டுவிட்டேன்.
சுர்பூகனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
பங்கேற்பாளர் பத்தொன்பது
ஞாயிறும் போகிறாள்.