ஏழு கல்லூரிகளின் லிஃப்ட்

பெங்களூரில் ஏழு இன்ஜினியரிங் கல்லூரிகளை
எனக்கு உச்சந்தலையிலிருந்து தெரியும்.
மொட்டைமாடி, மெஷின் ரூம், கிரீஸ் டப்பா.
கேட்டில் பையைத் திறந்து
ஸ்பேனர்களை எண்ணிக் குறித்துக்கொள்வார்கள்,
திரும்பும்போது மறுபடி எண்ணுவார்கள்.

அதனால் ரேங்க் வந்த இரவு
லிங்கராஜபுரம் வீட்டில்
சுகிர்தா செல்போனில் பட்டியலைத் திறந்ததும்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
பத்தாம் வகுப்புக்குப் பிறகு முதல்முறையாக
அவள் படிப்பில் எனக்கும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது.

கெங்கேரிக்கு அப்பால், வாசலில் நீரூற்று வைத்தது,
அது வேண்டாம் என்றேன்.
நாலாம் மாடி லேபில்
கம்ப்யூட்டர்களின் பிளாஸ்டிக் உறையே இன்னும் கழற்றவில்லை.
ஆய்வுக் குழு வந்த வாரம் மட்டும்
லிஃப்ட் அந்த மாடியில் நிற்க வேண்டுமென்றார்கள்.
மாற்றிக் கொடுத்தது நான்தான்.

யெலஹங்காவில் உள்ளதா?
எட்டு மாதமாக எங்கள் கம்பெனிக்குப் பாக்கி.
லிஃப்ட்டுக்குக் கொடுக்காதவன்
வாத்தியாருக்குக் கொடுப்பானா?

லூர்து தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்:
"கொடுக்கிறவன் எவ்வளவு கேக்கிறான்?"

ஒசூர் ரோட்டில் இருக்கிறது நல்லது ஒன்று.
லிஃப்ட் நின்றால் அங்கே பிள்ளைகளே போன் செய்வார்கள்,
எந்த ரிலே என்பதையும் சொல்லி.
அதன் மேனேஜ்மென்ட் சீட்டுக்காக
ஜெயநகர் ஓட்டலில் காபி வாங்கிக் கொடுத்தவர்
நாப்கினில் ஒரு தொகையை எழுதி என் பக்கம் தள்ளினார்.
நான் பார்த்து முடித்ததும்
அதிலேயே வாயைத் துடைத்துக் கசக்கிப் போட்டார்.
"ரெண்டு தவணைதான் சார்."
எங்கள் வீட்டில் தவணை என்றால் ஃப்ரிட்ஜ்.

அன்றிரவு காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கு.
சீட்டை இப்போதே ஏலம் எடுத்தால்
தள்ளுபடியில் கால்வாசி போகும்.
லூர்து கழுத்தைத் தடவினாள்,
பிறகு கையைக் கீழே போட்டாள்.
பேங்க்கில் ஒரு தம்பி பணிவாகத்தான் சொன்னார்,
கல்லூரி பெயர் வரட்டும், பார்க்கலாம் என்று.
கல்லூரிக்காரர் சொன்னார், பணம் வரட்டும்.

தூக்கம் வராதபோது தொழில்தான் ஞாபகம் வரும்.
கூண்டு மேலே போனால்
இருட்டுக்குள் எதிரெடை கீழே இறங்கும்.
முழுச் சுமைக்கு யாரும் எதிரெடை வைப்பதில்லை,
பாதிக்குத்தான்.
மீதியை மோட்டார் இழுக்க வேண்டும்.
இதைச் சுகிர்தாவிடம் சொன்னேன்.
"சரிப்பா, அந்த மீதி எவ்வளவு?" என்றாள்.

அவள் பட்டியலில் முதலில் இருந்தது
நகரத்துக்கு நடுவே ஒரு பழைய கல்கட்டடம்.
அரசுக் கட்டணம். ஒரே பஸ்.
போன வருஷம் கடைசி சீட்டு போன ரேங்க்
இவளுடையதை விட முந்நூறு முன்னால்.
"லிஃப்ட் எந்த கம்பெனி?" என்றேன்.
"லிஃப்ட்டே கிடையாதுப்பா."

ஏழும் தெரிந்த எனக்கு
எட்டாவதைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

சனிக்கிழமை போனேன்.
கையில் பை இல்லை, காவலாளி எதையும் எண்ணவில்லை.
எதற்கு வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.
மூன்று மாடிக்கு எழுபத்தியாறு படி,
ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன்.
கால் உடைந்த ஸ்டூலைச் சுவரில் சாய்த்து
அதன்மேல் உட்கார்ந்து ஒரு பெண்
எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தாள்,
ஈயப் புகை நெடி.
வாத்தியார் உண்டா இல்லையா தெரியவில்லை.
சுவரில் சிரிக்கும் மாணவர் படங்கள் இல்லை,
சம்பளத் தொகைகள் இல்லை.
கழிப்பறையில் தண்ணீரும் இல்லை.

வந்ததும் கேட்டாள், எப்படி இருக்கிறதென்று.
"படியெல்லாம் நடுவுல தேஞ்சு கிடக்குது" என்றேன்.
"அப்படின்னா?"
"அதையே முதல்ல போடு."

போட்டாள். இரண்டாவது எது,
மூன்றாவது எது என்று நான் கேட்கவில்லை,
லூர்து கேட்டாள்.

முதல் சுற்று முடிவு செவ்வாய்க்கிழமை.
அன்று எனக்கு யெலஹங்காவில் வேலை.
எட்டு மாதப் பாக்கியும் ஒரே செக்காக வந்துவிட்டதாம்.
அட்மிஷன் தொடங்கிவிட்டதே.