நகல் கட்டணம்

மன்றக் கூட்டத்தின் மினிட் புத்தகத்தை
பத்தொன்பது வருஷம் நான்தான் எழுதினேன்.
எத்திராஜுலு பேசியதாக அதில்
ஒரே ஒரு வரி இருக்கிறது:
முப்பத்தேழாம் வார்டு உறுப்பினர்
மின்விசிறி சத்தம் போடுகிறது என்றார்.

முதல் தேர்தலில் பூட்டு சாவி சின்னம்.
கொசப்பேட்டையில் பஞ்சர் கடை.
டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கி
குமிழி வரும் இடத்தில்
சாக்பீஸால் வட்டம் போட்டபடியே ஓட்டு கேட்டார்.
பதினோரு ஓட்டில் ஜெயித்தார்.
அப்புறம் மூன்று நாள் ஆளைக் காணோம்.
ஏலகிரியில் இருந்தார் என்றார்கள்.
இறங்கி வந்தபோது
தோளில் கட்சித் துண்டு, விரலில் மோதிரம்.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது.
பாதி ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு வந்து
லாட்ஜ் கிடைக்காமல் நின்ற வங்காளக் குடும்பத்துக்குக்
கடை ஷட்டரைத் தூக்கிவிட்டவர்.
சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி
அழுகைக்கு முன்னால் வந்து சேரும்.
குழாயடிச் சண்டையில் நடுவில் நின்று
நனைந்த வேட்டியோடு ஆபீசுக்கு வருவார்.
சிறுபாலம் கட்டினால் அவருக்கொரு பங்கு.
அதையும்
ஒளித்து வாங்கியதில்லை.

மூன்றாவது முறை வார்டு பெண்களுக்குப் போனது.
சுவரொட்டியில் அவர் முகம் பூசணிக்காய்,
மனைவி கோகிலவாணி முகம் எலுமிச்சம்பழம்.
ஜெயித்தார் என்று எழுதினேன்.
யார் என்று
தமிழில் அந்த ஒரு சொல் காட்டிக்கொடுக்காது.

அந்த அம்மா உள்ளே.
அவர் வராந்தா பெஞ்சில்,
மடியில் அந்த அம்மாவின் கைப்பை.
எந்த எண்ணுக்குக் கை தூக்க வேண்டும் என்று
அஜெண்டாவில் பென்சில் கோடு போட்டு அனுப்புவார்.
தூக்கினார்கள். ஒன்றரை வருஷம்.

ஐப்பசி மழையில் நாலாவது குறுக்குத் தெரு பாலம்
உட்கார்ந்துகொண்டது.
வீடுகளில் முழங்கால் சாக்கடை.
பொருள் எண் பதினாலு: பழுது நீக்க ஒப்புதல்.
'ஒரும' வரை என் கை தானாக எழுதிவிட்டது,
'னதாக' வருவதற்குள் அந்த அம்மா எழுந்து நின்றார்.

"போன வருசம் கட்டினதுக்கு
இந்த வருசம் இன்னாத்துக்கு ரிப்பேரு?
எத்தினி மூட்டை சிமிட்டி போட்டீங்க?
யாரு யாருக்கு எவ்ளோன்னு
எங்கூட்டு காலண்டர் பின்னால எழுதி கீது.
எடுத்தாரட்டா?"

மேயர் மணியடித்தார்.
தண்ணி கொண்டுவந்த பையன் தம்ளரோடு நின்றான்.
எப்போதும் கத்தும் அந்த மின்விசிறி மட்டும்
கத்திக்கொண்டிருந்தது.

நான் 'ஒரும'வை அடித்துவிட்டு
உறுப்பினர் ஆட்சேபித்தார் என்று எழுதினேன்.
எங்கூட்டு என்பதை எழுதவில்லை.
பயமா, இரக்கமா, இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் என் மேஜைக்கு வந்தார்.
கைப்பை இன்னும் கையில்தான்.
"உள்ள இன்னா பேசினா?"
நகல் வேண்டுமென்றால் மனு எழுதுங்கள் என்றேன்,
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தார்.
மனு எழுதவில்லை.
படியில் அந்த அம்மா முன்னால் இறங்கிப்போக
செருப்பு மாட்டிக்கொண்டு
பின்னால் ஓடினார்.

அடுத்த மாதமும் பெஞ்சில் இருந்தார்.
அஜெண்டாவில் கோடு இல்லை.
அந்த ஐந்து ரூபாயை
எந்தத் தலைப்பில் வரவு வைப்பதென்று தெரியாமல்
மேஜை டிராயரில்
குண்டூசிகளோடு போட்டு வைத்திருக்கிறேன்.