எடைச்சீட்டு

முதலில் கம்பளம்.
மூன்று கிலோ நானூறு, ஈரத்தோடு.
லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டி
வாடகைக்கு எடுத்த ஒற்றை ஷட்டர் அறையில்
சமையல் தராசை வைத்துக்கொண்டு
கழற்றியதையெல்லாம் நிறுத்து எழுதுகிறேன்.
பகலில் அடுத்தவர் கணக்கைத் தணிக்கை செய்பவள்.
இது ராத்திரிக் கணக்கு.

இரண்டே இருக்கை, ஃபைபர் உடம்பு,
இருபத்து மூன்று வயது.
வாங்கிய விலையை வீட்டில் பாதியாகச் சொன்னேன்.
பிலோமினுக்கு மட்டும் முழுத்தொகை தெரியும்;
மீதியைக் கொடுத்தவள் அவள்தான்.

ஹீட்டர் போனது.
இந்த ஊருக்கு ஹீட்டர் வைத்த புண்ணியவான் யாரோ.
ஸ்டெப்னி, ஜாக்கி, ஜாக்கியின் கைப்பிடி,
ஸ்பீக்கர் நான்கு. நான்காவதுக்குள் எறும்புப் புற்று.
கூரைத்துணியும் அதன் இரும்புச் சட்டமும் பதினோரு கிலோ.
"மழை வந்தா நனைவோம்" என்றாள் பிலோமின்,
ஸ்பேனரை வாயில் கவ்வியபடி.

ஃபைபர் தூள் மணிக்கட்டில் ஏறிவிட்டால்
மூன்று நாள் சொறிய வேண்டும்.
ஆபீஸில் தேஜஸ்வி கேட்டான்: அலர்ஜியா மேடம்?
ஆமாம் என்றேன். பொய்யில்லை.

இடப்பக்க இருக்கை எளிதில் வரவில்லை.
நான்கு போல்ட்டில் மூன்று இணங்கின.
நாலாவதுக்கு இரவெல்லாம் எண்ணெய் ஊறவைத்து,
காலையில் தட்டி, வைது, கடைசியில் அறுத்தோம்.
அடியில் இருந்தவை:
ஒரு ரூபாய்க் காசு இரண்டு,
மைசூர் மிருகக்காட்சிசாலை நுழைவுச்சீட்டு, பெரியவர் இருவர்,
பச்சைக்கல் வைத்த கம்மல்,
ஒன்றே ஒன்று.

காரை விற்றவர் வொயிட்ஃபீல்டில் பல் மருத்துவர்.
போன் செய்தேன்.
கம்மல் என்றதும்
பின்னால் ஏதோ கருவி சுழல்வது நின்றது.
"எங்க வீட்ல பச்சை யாரும் போடறதில்ல."
பிறகு, "நீங்களே வெச்சுக்குங்க."
கருவி மறுபடி சுழன்றது.

காருக்குள் தளர்வாக எதுவும் கிடக்கக் கூடாது
என்கிறது விதிப்புத்தகம், பக்கம் ஒன்பது.
நோட்டில் எழுதினேன்:
கம்மல், இரண்டு கிராம்.

கழற்றியது போக ஏற்றியதும் உண்டு.
சிவாஜிநகரில் இம்தியாஸ் வளைத்துப் பற்றவைத்த கூண்டு
இருபத்தெட்டு கிலோ.
கவசத்தை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னான்:
"கவிழ்ந்தா, மேடம், நீங்க உள்ளயே உக்காந்து டீ குடிக்கலாம்."
கவிழ்ந்தால் என்பதை
பஸ் வந்தால் என்பது போலச் சொன்னது பிடித்திருந்தது.
தீயணைப்பான் நான்கு கிலோ. ஆறுமுனை பெல்ட் மூன்று.
ஜே.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய பிரேக் பேடுகள்
பழையதைவிட நூறு கிராம் அதிகம்.
அதை மட்டும் எழுதவில்லை.

நாலு மாதம்.
கூட்டிக் கழித்ததில்
ஐம்பத்தாறு கிலோ அறுநூற்று இருபது குறைந்திருந்தது,
தாளில்.

ஸ்ரீபெரும்புதூர் டிராக்குக்குப் புறப்பட்ட அதிகாலை
ஹொசூர் ரோட்டு எடைமேடையில்
டிரெய்லரிலிருந்து இறக்கி வரிசையில் விட்டோம்.
முன்னால் எம்-சாண்ட் லாரி, பின்னால் எம்-சாண்ட் லாரி,
நடுவே டயர் உயரத்துக்கு எங்கள் சிவப்பு.
முனிவெங்கடப்பா ஜன்னலில் தலை நீட்டினார்.
"லோடு?"
ஒன்றுமில்லை என்றேன்.
"ஏனூ இல்வா?"
ஏனூ இல்லா.

சிவப்பு எண்கள் தடுமாறி நின்றன.
இருபது இருபதாகத்தான் காட்டுமாம் இந்த மேடை.
எறும்புப் புற்று, அறுத்த போல்ட், கம்மல்,
நாலு மாதப் புள்ளிக்குப் பின்னான எண்களெல்லாம்
தோராயத்தில் போயின.
பிலோமின் கீழே நின்று
முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.
லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.

சீட்டு வந்தது.
வாகன வகை: மற்றவை.
சரக்கு: இல்லை.
கட்டணம்: நூறு.

மறுபடி டிரெய்லரில் ஏற்றி
சக்கரங்களுக்குக் கயிறு இழுத்துக் கட்டும்போதுதான் உறைத்தது,
மேடையில் நின்றபோது நான் உள்ளேதான் இருந்தேன்,
பிரேக்கை மிதித்தபடி,
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு.

நோட்டைத் திறந்து
கடைசி வரி ஒன்று எழுதினேன்.
எவ்வளவு என்று எட்டிப் பார்த்தாள் பிலோமின்.
மூடிவிட்டேன்.