களிமண்தான்

ஏஜெண்ட் ஊர்ப் பேரைச் சொன்னபோது
என் காதில் விழுந்தது களிமண்தான்.
களிமண்தானே, வெட்டிவிடலாம் என்று
பாலக்கோட்டில் பஸ் ஏறினேன்.
பதினோரு வருஷம் கருங்கல் குவாரியில்
ஹிட்டாச்சி ஓட்டியவனுக்குக்
களிமண் ஒரு பொருட்டா?

கலிமந்தான்.
போர்னியோத் தீவில் இந்தோனேசியாவின் பங்கு.
அங்கே களிமண்ணும் இல்லை.
இலை.
விழுந்து விழுந்து, ஊறி ஊறி,
மக்கி முடியாத இலை, மூன்று ஆள் ஆழம்.
பக்கெட்டில் அள்ளினால்
அடிப்பிடித்த கேழ்வரகுக் களி போலக்
கறுப்பாய்த் தொங்கும்.
ஒரு மாதம் தோண்டியும்
எறிய ஒரு கல் கிடைக்கவில்லை.
நாய் துரத்தினால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று
ராத்திரி படுத்து யோசித்திருக்கிறேன்.

எனக்கு முந்தி வந்தவர்கள்
நெல்லுக்கென்று வெட்டின வாய்க்கால்கள்
ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடாய்க் கிடந்தன.
ஜாவாவிலிருந்து குடும்பம் குடும்பமாய்
ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்களாம்.
காட்டுத் தண்ணீர் வடிந்தது. நெல் வரவில்லை.
காய்ந்த மண் பற்றிக்கொண்டது.
மண் எரிந்து பார்த்திருக்கிறீர்களா?
மேலே புல் பச்சையாய் நிற்கும்,
காலுக்கடியில் கணப்பு.

நாங்கள் வெட்டியது எண்ணெய்ப் பனைக்கு.

தெஹென் என் ஹெல்பர்.
கஹாயான் ஆற்றங்கரை டாயாக் பையன்.
கிராம்பு சிகரெட் வாயை விட்டு இறங்காது.

ஒருநாள் பக்கெட் டங் என்றது.
உடம்பெல்லாம் சந்தோஷம் எனக்கு. கல்!
குதித்து ஓடினால், மரம்.
உலின் என்பார்கள், தண்ணீரில் கிடந்தாலும் உளுக்காது.
அதில் ஒரு முகம், நாக்கை நீட்டிக்கொண்டு.
செத்தவர் எலும்பை எடுத்துத் திருவிழா நடத்தும்போது
எருமை கட்டுகிற கம்பம்.

தெஹென் ஒன்றும் சொல்லவில்லை.
வண்டியில் ஏறிச் சாவியைப் பிடுங்கினான்.
தன் சிகரெட்டை எடுத்து
அந்த நாக்கின் மேல் வைத்தான்.
சூப்பர்வைசர் தொண்டை கட்டும்வரை கத்தினார்.
சாவி என் கைக்கு வந்தது சாயங்காலம்.
வளைத்து வெட்டினேன்.

நாலு நாள் சம்பளம் பிடித்தம்.
போன் மேப்பில் இப்பவும் தெரிகிறது:
ஒன்பது கிலோமீட்டர் நேர்க்கோடு,
நடுவில் முழங்கை மாதிரி ஒரு மடிப்பு.

அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
வேலை பழகின வருஷம், மாரண்டஅள்ளிப் பக்கம்,
ஒரு புதரைத் தள்ளினேன். பலகைக்கல் சரிந்தது.
வில் பிடித்த ஆள், எதிரே நாயோ புலியோ.
லாரி காத்துக்கொண்டிருந்தது.
கிரஷரில் போட்டு முக்கால் இஞ்சு ஜல்லியாக்கினோம்.
எங்கள் பக்கம் அந்த மாதிரிக் கல்லை
வேடியப்பன் என்று கும்பிடுவார்கள்.
என் பேரும் அதுதான்.

ரேஷன் பாமாயில் ஹேண்டில்பாரில் ஆட
பைபாஸில் வருகிறேன்.
டயருக்கடியில் எது வில், எது விரல்?
வேகத்தைக் குறைத்தால்
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.