போனது ஒன்று

ஒன்றுதானே டாக்டர் போனது என்றேன்.
ஒன்றுதான், காசு மூன்றுக்கு என்றார் டோ கின் வே யீ.
ரசீதின் முதுகில் என் மேல்வாயை வரைந்தார்.
நடுவில் சந்து. இரு பக்கமும் நல்ல ஆள்.
இரண்டு பேரையும் சீவிக் குறுக்கித்
தலைக்குத் தொப்பி மாட்டி
இல்லாதவனை இடையில் பிடித்துக்கொள்ளச் செய்வார்களாம்.
பாலம் என்று பெயர்.
சொத்தையில்லாத பல்லை எதற்கு ராவணும்?
கேட்டேன். வாய்க்குள் கண்ணாடி இருந்ததால்
கேள்வி கடைவாயோரம் எச்சிலாய் இறங்கியது.

கரண்ட் நின்ற ஒரு விடிகாலை
கடை ஜெனரேட்டரை உசுப்பக் கைப்பிடியைச் சுற்றினேன்,
அது திரும்பி என்னைச் சுற்றியது.
ரத்தத்தைத் துப்பிவிட்டுப்
பொங்கிய பாலை இறக்கினேன்.
பல்லைத் தேட நேரமில்லை,
இருபத்தொன்பதாம் தெருவில் ஐந்தரைக்கே ஆள் வந்துவிடும்.

அன்றிலிருந்து மூன்று என்று சொல்ல வரவில்லை.
பர்மாக்காரன் மூன்றைத் ‘தோன்’ என்பான்,
நாக்கு நுனிக்குச் சாய ஒரு பல் வேண்டும்.
எனக்குக் காற்றுதான் வந்தது.
பையன்கள் என் வாயை விட்டுவிட்டு
விரலைப் பார்க்கப் பழகினார்கள்.

நிறம் பார்க்கிற நாளில்
விசிறிபோல ஒரு கொத்துப் பல்லை உதட்டோரம் பிடித்து
எது உங்களுடையது என்றார்.
முப்பது வருஷம் டீ கலக்குகிறவனிடம்!
அந்த ஓரம் பொன்மான்,
பொன்னுமில்லை மானுமில்லை, சாதா டீ.
அடுத்தது ச்சோ செய்ன், இனிப்பும் பாலும் தூக்கல்.
என்னுடையது கடைசி, சாயம் ஏறி நின்றது.
குன்யா மென்ற கறை தனிக் கணக்கு.
வெள்ளையாய் வைக்கலாமா என்றேன்.
பக்கத்தில் இருப்பவை காட்டிக்கொடுத்துவிடும் என்றார்.

ராவிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.
நர்ஸ் போன் வெளிச்சத்தை என் நெற்றியில் அடித்தாள்.
கீழே ஜெனரேட்டருக்கு ஆள் ஓடினான்,
கைப்பிடி ஜாக்கிரதை என்று சொல்ல நினைத்தேன்.
விறைத்த உதடு.
நாக்கு மட்டும் இருட்டில் தனியாகப் போய்த் தடவியது:
இரண்டு பென்சில் முனை, நடுவே ஒரு வழி.

வீட்டில் மூத்தவன் நான். இளையவன் அருளப்பன்.
நடுவன் தனிஸ்லாஸ் மழைக்கு முன்னால்
மேசோட் பக்கம் போனவன்.
இது மூன்றாவது மழை.
அவன் பெண்டாட்டிக்கு வாடகை ஒரு மாதம் என்னிடம்,
மறுமாதம் அருளப்பனிடம்.
அருளப்பன் கழுத்தில் சட்டைக் காலர்
இப்போதெல்லாம் பெரிதாகத் தெரிகிறது.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

எட்டாம் நாள் பாலம் வந்தது,
பஞ்சு வைத்த டப்பாவில், மூன்று பல் ஒட்டிப் பிறந்தது.
நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். ராவினார்.
மறுபடி கடி என்றார்.
பிறகு, ஏதாவது பேசிப் பாருங்கள்.
என்ன பேசுவது? கடைக் குரல்தான் வந்தது:
ச்சோ செய்ன், தோன் க்வெ!
வெளியே காத்திருந்த யாரோ சிரித்தார்கள்.
மூன்று கிளாஸ், சுத்தமாய் விழுந்தது.

படியிறங்கும்போது, ஆளில்லாத திருப்பத்தில்,
தனிஸ்லாஸ் என்றும் சொல்லிப் பார்த்தேன்.
வந்தது. ஓர் எழுத்தும் சிந்தவில்லை.

நூல் ஒரு சுருள் கொடுத்திருக்கிறார்,
நுனி மட்டும் விறைப்பாக, ஊசி மாதிரி.
வெளியே தேய்த்தால் போதாதாம்.
ஈறுக்கும் வைத்த பல்லுக்கும் இடையில்
அந்தக் காலி இடம் அப்படியேதான் இருக்கிறது,
தினம் ராத்திரி அதற்குள் நூல் விட்டு இழுக்கணும்.
கரண்ட் இருந்தால் கண்ணாடி பார்த்து.
இல்லாவிட்டால் தடவி.